மீன் காலேஜில் தனகோடியின் கட்டைவிரல்

தனகோடி மேஸ்திரி வாயால் ‘ஒண்ணாம் நம்பர்’ என்று ஒரு வார்த்தை கேட்டவன் ஆம்பூரில் எவனும் கிடையாது. கேட்டதாக ஒருவன் சொன்னால் அவன் வெளியூர்க்காரன், இல்லாவிட்டால் கள்ளுக்கடையிலிருந்து நேராக வருகிறவன்.

மேஸ்திரிக்கு வேலை அமீர் பாஷா சாயபுவின் தோல் ஷாப்பில். பதம் முடிந்து காய்ந்து வருகிற தோல்களைத் தரம் பிரித்து அடுக்க வேண்டும். ஒண்ணாம் நம்பர் ஒரு மேடை, ரெண்டாம் நம்பர் ஒரு மேடை, மூணாம் நம்பர் ஒரு மேடை, மீதி கழிசல். மற்ற ஷாப்புகளில் மேஸ்திரிமார் கண்ணால் பார்த்துப் பிரிப்பார்கள். எங்கள் ஆள் கண்ணை மூடிக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலால் தோலின் மேல் ஒரு இழுப்பு இழுப்பார். அந்த மாடு கன்றாக இருந்தபோது எந்த வேலியில் உரசியது, எந்த உண்ணி எங்கே கடித்தது, உரித்தவன் கத்தியை எங்கே தவறவிட்டான், அன்றைக்கு அவனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் சண்டையா சமாதானமா, எல்லாம் அந்த விரலுக்குத் தெரிந்துவிடும். மாட்டின் சொந்தத் தாய்க்குக்கூட அதைப் பற்றி அவ்வளவு தெரிந்திருக்காது.

இதனால் எங்கள் ஷாப்பில் ஒண்ணாம் நம்பர் மேடை எப்போதும் காலி. ஷாப்புப் பூனை அதில்தான் குட்டி போடும்.

“அரே தனகோடி, ஏன்யா பேஜார் பண்றே? ஒரு தோலாவது அந்த மேடையில போடேன். மெட்ராஸ் கம்பெனிக்காரன் என்னப் பார்த்துச் சிரிக்கிறான்” என்று சாயபு கெஞ்சுவார்.

“சாயபு, கொற இருக்குது, தள்றேன். கொற இல்லாத தோல குடு. அந்த மேடையிலதான் போடுவேன். வெரலுக்குத் தெரியாத கொற, கொறையே கெடையாது. சும்மா சந்தேகத்துக்குத் தோல தள்றவன் மேஸ்திரியே இல்ல” என்பார் இவர். இந்தப் பேச்சை நாளுக்கு நாலு தடவையாவது சொல்வார். ஷாப்பில் தோல் அலசும் எனக்கு மனப்பாடம். பூனைக்கும் மனப்பாடம் என்று நினைக்கிறேன்.

இந்த விரல் ஷாப்போடு நின்றிருந்தால் ஊருக்கு நஷ்டமில்லை. நிற்கவில்லை. பிரியாணியில் ஒரு கறித்துண்டை எடுத்துத் தடவி, “கெடா கெழடு. மூணாம் நம்பர்” என்பார். மழை பெய்தால் கையை நீட்டிப் பார்த்து, “தூத்தல் சன்னம். ரெண்டாம் நம்பர்” என்பார். வயசுக் காலத்தில் தனக்குப் பெண் பார்த்தபோதும் இதே கதைதான். குடியாத்தம் முழுக்கக் கழித்துவிட்டு வாணியம்பாடிப் பக்கம் போனார். வாணியம்பாடி தீர்ந்ததும் திருப்பத்தூர். கடைசியில் ஜில்லாவில் பெண்கள் தீர்ந்து போனார்கள், இவர் பிரம்மச்சாரியாக நின்றுவிட்டார்.

அதுவும் போகட்டும், அது அவர் பாடு. சிக்கல் வந்தது தங்கச்சி மகள் ஜெயம்மாள் விஷயத்தில்.

தங்கச்சி முனியம்மா, புருஷன் போனதும் மூன்று வயசுப் பிள்ளையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். ஜெயம்மாளைத் தூக்கி வளர்த்தது இவர்தான். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் கை நீட்டித் தட்டு வாங்கினால்தான் நிச்சயம் என்று அர்த்தம். அவன் வாங்காத தட்டு வெறும் வெற்றிலைதான், மென்று துப்ப வேண்டியதுதான். ஆக, ஜெயம்மாள் கல்யாணம் அந்தக் கட்டைவிரலில் வந்து மாட்டிக்கொண்டது.

முதலில் பேரணாம்பட்டிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தான். மேஸ்திரி அவன் கன்னத்தை ஒரு இழுப்பு இழுத்தார். “அம்மத் தழும்பு. மூணாம் நம்பர்.” வாலாஜாபேட்டையிலிருந்து இன்னொருவன் வந்தான், இரும்புப் பட்டறைக்காரன். முழங்கையைத் தடவினார். “சூடு பட்டிருக்குது. கழிசல்.” மூன்றாவது ஆள் பட்டுப் போல இருந்தான். தடவித் தடவிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. மேஸ்திரி விடுவாரா? அவன் காது மடலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். “இழுவை ஜாஸ்தி. நாளாக நாளாகத் தொங்கிப்பூடும்” என்றார். அந்தப் பையன் காதைப் பொத்திக்கொண்டு ஓடியவன் ஆம்பூர் ஸ்டேஷனில் நிற்காமல் ரயிலுக்கு முன்னாலேயே ஓடினான் என்று சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

ஜெயம்மாள் பீடி சுற்றுகிறவள். கை எவ்வளவு வேகமோ வாய் அதைவிட வேகம். மூன்று மாப்பிள்ளை போகிறவரை வாயைத் திறக்கவில்லை. நாலாவதாகச் சம்பத் வந்தபோதுதான் திறந்தாள்.

சம்பத்தின் தாயார் ரங்கம்மாளுக்குப் பூர்வீகம் ஆம்பூர், பிழைப்பு சென்னையில். மாரியம்மன் திருவிழாவுக்கு அம்மாவும் மகனும் வந்து எங்கள் தெருவில் தங்கினார்கள். முறத்தில் புகையிலைத் தூளை வைத்துக்கொண்டு பீடி சுற்றிய ஜெயம்மாள், அந்தப் பக்கம் போன சம்பத்தைப் பார்த்து, “மெட்ராஸ்ல இன்னா வேலை?” என்று கேட்டிருக்கிறாள்.

“மீனுக்குச் சோறு போடறேன்.”

அவ்வளவுதான். அவள் சிரித்த சிரிப்பில் முறம் கவிழ்ந்து தெரு முழுக்கப் புகையிலை. எதிர் வீட்டு ஆடு தும்மிக்கொண்டே இருந்தது. அவன் உட்கார்ந்து ஒவ்வொரு துணுக்காகப் பொறுக்கிக் கொடுத்தான். பொறுக்கி முடிக்கச் சாயந்தரம் ஆகிவிட்டது. வேண்டுமென்றே மெதுவாகப் பொறுக்கினான் என்பது என் கட்சி. திருவிழா முடிவதற்குள் ரங்கம்மாள் பெண் கேட்டு வந்துவிட்டாள்.

சென்னைக் கடற்கரையில் சர்க்கார் ஒரு மீன் காட்சிசாலை வைத்திருக்கிறதல்லவா, அதில்தான் அவனுக்கு வேலை. பட்டணம் போய் வந்தவர்கள் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்பார்கள், மிருகங்கள் இருக்கிற இடத்தை உயிர் காலேஜ் என்பார்கள். அந்தக் கணக்கில் இதற்கு எங்கள் தெருவில் மீன் காலேஜ் என்று பெயர் வைத்தோம். பேச்சு நாலு வீடு தாண்டுவதற்குள் மாப்பிள்ளை காலேஜில் வாத்தியார் ஆகிவிட்டான். பாலாற்றங்கரை போய்ச் சேர்ந்தபோது பிரின்ஸ்பால்.

மேஸ்திரிக்கு மட்டும் மனசு வரவில்லை.

“மீனுக்குச் சோறு போடறது ஒரு வேலையா? மீனப் புடிச்சி நாம சோத்துல போட்டுக்கினா அது நியாயம். மீனுக்கு எவனாவது சோறு போடுவானா? இவன் இன்னாவோ கதை உட்றான்.”

“கதையா நெசமான்னு போய்ப் பாரு, மாமா” என்றாள் ஜெயம்மாள். “ஆனா ஒண்ணு. இந்தத் தபா நீ கழிசல்னு சொன்னா, நான் எவனையும் கட்டிக்க மாட்டேன். பீடி சுத்திக்கினே கெழவியாவேன். உன் கண்ணு முன்னாலதான் ஆவேன், பார்த்துக்கினே இரு.”

முனியம்மா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். “அண்ணே, எனக்கும் வயசாவுது. எனக்கப்புறம் இவளுக்கு யாரு?”

சரி என்று மேஸ்திரி தங்கச்சியோடு கிளம்பினார். பேச்சுத் துணைக்கு என்னையும் கூப்பிட்டார். சாயபு லீவு கொடுக்கும்போது, “ஆதிகேசவா, நீ கூடவே இரு. மாப்பிள்ளைய உரிச்சிக்கினு வந்துடப் போறான்” என்றார்.

மாப்பிள்ளை பார்க்கப் போகும்போது பெண்ணே போவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. “நான் மாப்பிள்ளையப் பாக்க வர்ல. மீனப் பாக்க வர்றேன்” என்று ஜெயம்மாள் ரயிலில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

சென்ட்ரலில் இறங்கி டிராம் ஏறினோம். ஏறும்போது நிற்கக்கூட இடமில்லை. நானும் மேஸ்திரியும் உள்ளே கால் வைத்ததும் பட்டணத்து ஜனங்களுக்கு எங்கள் மேல் எங்கிருந்தோ ஒரு மரியாதை வந்துவிட்டது. ஒவ்வொருவராக எழுந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். எங்கள் ஷாப்பு வாசனைக்கு அவ்வளவு மவுசு. கால் நீட்டிப் படுத்துக்கொண்டே போகலாம் போல இருந்தது.

“பட்டணத்துக் காத்துல ஒரு வாசனையும் இல்லியே. மூணாம் நம்பர் காத்து” என்றார் மேஸ்திரி.

காட்சிசாலை வாசலில் சம்பத் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான். பக்கத்தில் ரங்கம்மாள், கையில் ஒரு துணிப்பை. பைக்குள்ளிருந்து வெற்றிலைக் காம்பு எட்டிப் பார்த்தது. எதற்கும் இருக்கட்டும் என்று தட்டோடு வந்திருக்கிறாள். முனியம்மா அந்தக் காம்பைப் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உள்ளே ஒரே மங்கல். சுவரில் வரிசையாகக் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர், தண்ணீருக்குள் வெளிச்சம். கோயில் உற்சவத்தில் பச்சை, மஞ்சள், ஊதாச் சேலை கட்டிய பெண்கள் கூட்டமாகப் போவது போல மீன்கள் போய்க்கொண்டிருந்தன. எங்கள் பாலாற்றில் தண்ணீரே வருஷத்தில் பத்து நாள்தான். மீன் என்றால் எங்களுக்குக் கருவாடுதான். நான் வாயைத் திறந்தவன் மூட மறந்துவிட்டேன்.

முனியம்மாவுக்கு எல்லாம் குழம்பாகத் தெரிந்தது. “தம்பி, இது புளி போட்டா நல்லாருக்குமா, தேங்கா அரைச்சா நல்லாருக்குமா?”

“அத்தே, இது சாப்பிட வெச்சதில்ல, பாக்க வெச்சது.”

“பாத்தா பசிக்குதே!”

மேஸ்திரிக்கு எல்லாம் தோலாகத் தெரிந்தது. கடல் ஆமை ஒன்று துடுப்பு போட்டுக்கொண்டு வந்து அவர் எதிரில் நின்றது. “முதுகு வெறும் கட்டை. பூட்சு அடிக்குக்கூட ஆவாது. கழிசல்.” ஆமை தலையை உள்ளே இழுக்காமல் கண்ணை மட்டும் மூடிக்கொண்டது. அதற்கும் சுய மரியாதை இருக்கும்போலிருக்கிறது. அடுத்து ஒரு சுறாக்குட்டி. “ஆதி, இங்க பார்ரா! மயிரே இல்ல. சுண்ணாம்புத் தொட்டியில போடற செலவு மிச்சம். ஆனா சொரசொரன்னு இருக்குது. ரெண்டாம் நம்பர்.” பாறை இடுக்கில் அஞ்சாலை என்று பாம்பு மாதிரி ஒரு மீன். அது தலையை மட்டும் வெளியே நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. வெங்கலம் மாதிரி குரல் வைத்துக்கொண்டு விலை குறைக்க வரும் தோல் தரகன் ஒருவனுடைய முகம் அப்படியே அதற்கு. மேஸ்திரி அதோடு கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றார். அதுவும் முறைத்தது. கடைசியில் இவர்தான் கண்ணைத் திருப்பினார்.

ஜெயம்மாள் கடல் குதிரைக் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

“இது ஆம்பளையா, பொம்பளையா?” என்று கேட்டாள்.

“ஆம்பள. வயிறு பெருசா இருக்குது பாரு. இந்த ஜாதியில ஆம்பளதான் புள்ள சொமக்கும்” என்றான் சம்பத்.

“ஆம்பளையா சொமக்கும்?”

“சத்தியமா.”

ஜெயம்மாள் அவனைப் பார்த்தாள், குதிரையைப் பார்த்தாள். “நீ எந்த ஜாதி?” என்றாள். அவன் முகம் பக்கத்துக் கண்ணாடியில் இருந்த சிங்கி இறாலைவிடச் சிவந்துவிட்டது.

மேஸ்திரி இதைக் கவனித்துவிட்டு, “பராக்கு பாத்தது போதும். உன் வேலை செய்யற இடத்தக் காட்டு” என்றார் விறைப்பாக.

சம்பத் எங்களைப் பின்பக்கம் அழைத்துப் போனான். முன்னால் கண்ணாடியாகத் தெரிந்ததெல்லாம் பின்னால் சிமெண்ட் தொட்டிகள், மேலே திறந்து கிடந்தன. தரையெல்லாம் ஈரம். வாளி, வடிதட்டு, நீளக் கழி. பார்த்தவுடன் மேஸ்திரிக்கு முகம் மலர்ந்தது. அச்சு எங்கள் ஷாப்பு! தோல் இல்லை, நாற்றம் இல்லை, மற்றபடி அதே வரிசை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொந்த இடம் போல நடந்தார்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஆவாரம்பட்டை ஊறுகிற தொட்டியைத் தாண்டும்போது விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்போம். துவர்ப்பு பிடித்திருக்கிறதா என்று நாக்குதான் சொல்லும். மேஸ்திரி முதல் தொட்டியிலேயே விரலை விட்டுச் சப்பிவிட்டார்.

சம்பத் பதறிப்போனான். “ஐயா, அது மீனு இருக்கிற தண்ணி!”

“உப்பு சரியா இருக்குது. பட்டைதான் சேர்க்கல.”

“சேர்த்தா செத்துடுங்க.”

“எங்க தொட்டியில செத்ததுதான்டா உள்ளயே வரும்” என்று அவர் அடுத்த தொட்டியையும் சப்பிப் பார்த்தார். அதற்கடுத்ததையும் பார்த்தார். கூட வந்த பாவத்துக்கு நானும் ஒன்றைப் பார்த்தேன். மூன்று நாள் தாகம் தீரவில்லை.

கோடியில் ஒரு அகலத் தொட்டி. முழங்கால் ஆழம்தான். அடியில் மணலில் ஒன்று படுத்திருந்தது. முறம் அளவு வட்டம், சின்னதாக ஒரு வால், பழுப்பு நிறம். மேஸ்திரி நின்றார். குனிந்தார். ஒரு சத்தமும் இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது, இந்த மனுஷன் இத்தனை நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததேயில்லை.

“ஆதி” என்றார் மெதுவாக. “முள்ளுக் கீறல் இல்ல. உண்ணி இல்ல. சூடு இல்ல. கத்தி படல. முழுசா ஒரே தோலு. வழவழன்னு கெடக்குது பார்ரா.” தலைப்பாகையைச் சரி செய்துகொண்டார். “இத்தினி வருஷம் இதுக்குத்தான்டா காத்துக்கினு இருந்தேன்.”

“அப்போ ஒண்ணாம் நம்பரா, மேஸ்திரி?”

“கண்ணால பாத்து எப்பிட்றா சொல்றது? வெரலு சொல்லணும்.”

சட்டைக் கையைச் சுருட்டினார். சம்பத் ஓடி வந்து குறுக்கே நின்றான்.

“ஐயா, வேணாம். அது திருக்கையில ஒரு தினுசு. ஒடம்புக்குள்ளயே கரண்ட் இருக்குது. தொட்டா அடிச்சிடும்.”

“எங்க தெருவுக்கே இன்னும் கரண்ட் வர்ல. மீனுக்கு எவன்டா கம்பி இழுத்தான்?”

“நெசமாங்க. நானே கழியாலதான் நகத்துவேன்.”

“மாமா, சொன்னாக் கேளு” என்றாள் ஜெயம்மாள்.

“எத்தினியோ லட்சம் தோலு தடவின கைடி இது” என்று மேஸ்திரி சம்பத்தை ஒதுக்கிவிட்டு, ஷாப்பில் செய்வது போலவே கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலை நீட்டி, நடுமுதுகில் அழகாக ஒரு இழுப்பு இழுத்தார்.

அப்புறம் நடந்ததை நான் உள்ளபடி சொல்கிறேன். மேஸ்திரி “ஹாவ்!” என்று போட்ட சத்தத்தில் கடற்கரையில் அலை ஒன்று வந்த வழியே திரும்பிப் போனது. தலைப்பாகை தானாக எழுந்து தொட்டியில் குதித்தது. குடுமி அவிழ்ந்து வானத்தைப் பார்த்தது. ஆள் நின்ற இடத்திலிருந்து இரண்டு முழம் பின்னால், ஒரு வாளிக்குள் உட்கார்ந்திருந்தார். வாளியில் மீனுக்கு நறுக்கி வைத்த இறால். திருக்கை மட்டும் ஒன்றும் நடக்காதது போல நனைந்த தலைப்பாகையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடி படுத்துவிட்டது.

வாளியிலிருந்து அவரை எடுக்க நானும் சம்பத்தும் சேர்ந்து இழுத்தோம். முனியம்மா, “அய்யோ அண்ணே!” என்று மாரில் அடித்துக்கொண்டாள். ரங்கம்மாள் இருக்கிற சாமியெல்லாம் கூப்பிட்டாள்.

மேஸ்திரிக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. ஆனால் முகம் செத்துப்போயிருந்தது. கட்டைவிரலைத் தன் கன்னத்தில் தேய்த்தார். என் சட்டையில் தேய்த்தார். சுவரில் தேய்த்தார்.

“ஆதி… தெரியலடா. வெரலு மரத்துப்பூடுச்சி. செவுரும் உன் சட்டையும் ஒண்ணா இருக்குது.”

“சட்டை தோய்ச்சி ரொம்ப நாளாச்சி மேஸ்திரி, அப்படித்தான் இருக்கும்.”

“வெளையாடாதடா. வெரலு போச்சின்னா நான் எதுக்குடா? சாயபு என்னப் பூனைக்குக் காவல் வெப்பாரு.”

சம்பத் அவர் பக்கத்தில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளே வைத்து, பரபரவென்று தேய்க்க ஆரம்பித்தான். “ஒண்ணும் ஆவாதுங்க. எனக்கும் ஆரம்பத்துல ரெண்டு தபா அடிச்சிருக்குது. வந்துடும். வந்துடும்.” தேய்த்துக்கொண்டே இருந்தான். ‘நான்தான் சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை அவன் வாயில் வரவில்லை. நானாக இருந்தால் நூறு தடவை சொல்லியிருப்பேன். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நேரம் போனது. ஜெயம்மாள் வந்து மாமனுக்கு எதிரில் குந்தினாள். சம்பத்தின் காக்கிச் சட்டைக் கையை முழங்கை வரைக்கும் தூக்கி, மாமனுடைய கட்டைவிரலை எடுத்து அதன் மேல் வைத்தாள்.

“மாமா, இழு.”

“ஏ பொண்ணே, இன்னா இது, எல்லார் முன்னாலயும்?”

“இழு, சொல்றேன்.”

மேஸ்திரி இழுத்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு இழுப்பு. பாதியில் ஒரு நிமிஷம் நின்றார், அப்புறம் முடித்தார்.

“கொற எதுனா தெரியுதா?”

மேஸ்திரி விரலை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டார். “மரத்துப்போன வெரலுக்கு இன்னாடி தெரியும்? ஒண்ணும் தெரியல.”

“வெரலுக்குத் தெரியாத கொற?”

மேஸ்திரி விரலைப் பார்த்தார். நான் பேசினேன், மனப்பாடம் ஆயிற்றே. “கொறையே கெடையாது!”

“சந்தேகத்துக்குத் தோல தள்றவன்?”

“மேஸ்திரியே இல்ல!”

“அப்போ எந்த மேடை, மாமா?”

மேஸ்திரி சுற்றும் முற்றும் பார்த்தார். ஒரு பக்கம் தங்கச்சி முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு பக்கம் ரங்கம்மாள் துணிப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எதிரில் தூக்கி வளர்த்த பிள்ளை, கண் கலங்கி, வாய் மட்டும் கலங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். ஓட வழியில்லை. மேஸ்திரி வாயைத் திறந்தார். “ஒ…” என்றார். அந்த வார்த்தை இத்தனை வருஷமாக உபயோகப்படாமல் துருப்பிடித்துத் தொண்டையில் சிக்கிக்கொண்டது. “ஒ… ஒண்ணா…” என்று இருமினார். நான் முதுகில் தட்டினேன்.

“ஒண்ணாம் நம்பர்” என்றார்.

“ரங்கம்மா, தட்ட எடு!” என்று முனியம்மா போட்ட கூச்சலில் முன்பக்கம் வேடிக்கை பார்த்த ஜனங்கள், சுறா வெளியே வந்துவிட்டது என்று நினைத்துச் சிதறினார்கள்.

அங்கேயே, மேஸ்திரியின் தலைப்பாகையைப் போர்த்திக்கொண்டு தூங்குகிற திருக்கைத் தொட்டியின் விளிம்பில் வைத்து, தட்டு மாற்றினோம். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பூ. மேஸ்திரி எழுந்து நின்று இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். கண் முழுக்க ஜெயம்மாள் மேல் இருந்தது. கை மட்டும் பழக்க தோஷத்தில் வெற்றிலையை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தது. நடுவில் ஒன்றை எடுத்து, பார்க்காமலேயே, பின்னால் எறிந்தது. நான் அதைப் பொறுக்கிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் கடுகளவு ஒரு பூச்சி ஓட்டை.

மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில் பெண்கள் தனிப் பெட்டியில் ஏறினார்கள். நானும் மேஸ்திரியும் எதிரெதிரே. தலைப்பாகை இல்லாமல், இறால் வாடையோடு, மனுஷன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அரக்கோணம் தாண்டியதும் அந்த வெற்றிலையை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

“மேஸ்திரி, மரத்துப்போன வெரலு இந்த ஓட்டைய எப்பிடிக் கண்டுபுடிச்சிது?”

அவர் வெற்றிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “உனக்கு வாய் ஜாஸ்திடா. கழிசல் வாய்.”

“எப்போ சரியாச்சி? சொல்லு மேஸ்திரி.”

“அந்தப் பையன் தேய்ச்சான் பாரு, அப்பவே முழிச்சிக்கிச்சி. அவன் உள்ளங்கை பூராக் காய்ப்பு. வாளி தூக்கித் தூக்கிக் காய்ச்ச கை.”

“அப்போ ஜெயம்மா கேக்கும்போது தெரிஞ்சிதா?”

“எல்லாம் தெரிஞ்சிது. மணிக்கட்டுக்கு மேல நாலு வெரல் தள்ளி ஒரு கடி இருக்குது. பல்லு பல்லா பதிஞ்சிருக்குது. அந்தத் தரகன் மூஞ்சி மீனுதான் கடிச்சிருக்கணும். அத வெச்சி வளர்த்து அதுக்குச் சோறும் போடறான், பைத்தியக்காரன். கணக்குப்படி மூணாம் நம்பர்.”

“தெரிஞ்சிகினே ஒண்ணாம் நம்பர்னு சொன்னியா!”

மேஸ்திரி துண்டை எடுத்துத் தலையில் போர்த்திக்கொண்டார். திருக்கை மாதிரியே இருந்தது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

“ஆதி, ஷாப்புல யாருக்கும் சொல்லிடாத. அப்புறம் என் பேச்ச ஒரு பூனைகூட மதிக்காது.”

சொல்ல மாட்டேன் என்று மாரியம்மன் மேல் சத்தியம் செய்தேன். செய்த சத்தியத்தைக் காப்பாற்றியும் விட்டேன். ஷாப்பில் ஒருவனிடமும் சொல்லவில்லை. ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கியதும் ஜட்கா வண்டிக்காரனிடம் மட்டும் சொன்னேன். வண்டிக்காரன் ராத்திரிக்குள் எல்லோரிடமும் சொல்லிவிட்டான் போலிருக்கிறது, மறுநாள் காலையில் சாயபு என்னிடமே வந்து ரகசியமாகச் சொன்னார்.